விமலேஸ்வரி முழுகாமல் இருந்த கதை

பாவற்குளக் குடியேற்றத்தில் விமலேஸ்வரி வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். நீட்டுத் தலைமயிர்க்காரி வீடு என்று கேட்டால், தயிர் விற்க வந்தவனும் கையை நீட்டிக் காட்டுவான். முழங்காலைத் தொடுகிற தலைமயிர் அது. அவளுடைய தகப்பன் வடமராட்சியை விட்டு, இந்தக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்து காடு வெட்டியவர். மகளுக்குக் கொடுக்க வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத மனிதர், "மிச்சச் சீதனத்தை ஆண்டவன் அவளின்ரை தலையிலை வைச்சு விட்டிருக்கிறான்" என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரன் தவராசா அவளைப் பெண் கேட்டு வந்தபோது, அவன் மயங்கியது அந்தத் தலைமயிரில்தான் என்று ஊர் முடிவு செய்தது. விமலேஸ்வரியும் அதையே நம்பினாள். கலியாணம் முடிந்து மகன் கிருசாந்தன் பிறந்து, அவன் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் நம்பினாள்.

அதனால் அந்தத் தலைமயிரை அவள் வளர்த்தாள் என்பதைவிட அது அவளை வைத்து வேலை வாங்கியது என்பதுதான் சரி. முழுகினால் காயவைக்க அரை நாள் வேண்டும். அரை நாள் சும்மா இருக்க வயல்காரன் பெண்சாதிக்கு எங்கே நேரம்? ஈரத்தோடு இறுக்கி முறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு நாற்று நடப் போவாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில், குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில், பேன் பிடித்து அரித்தபோதும் வெட்டச் சம்மதிக்கவில்லை. "உயிர் தப்புமோ எண்டு தெரியேல்லை, உனக்கு மயிர் கேக்குதோ?" என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். உயிரும் தப்பியது, மயிரும் தப்பியது.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அது தன் பாட்டில் கிளம்பத் தொடங்கியது. தலையணையில் கிடந்தது, கிணற்றடியில் சுருண்டு கிடந்தது, ஒருநாள் தவராசாவின் பிட்டிலும் கிடந்தது. அவன் அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டான். அவளுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. செவ்வரத்தம் இலை அரைத்து வைத்தாள், சின்ன வெங்காயச் சாறு வைத்தாள், போனில் யாரோ சொன்னார்கள் என்று வெந்தயத்தை ஊறவைத்துப் பூசி ஒரு கிழமை முழுக்க வெந்தய மணத்தோடு திரிந்தாள். நரைக்குக் கடையில் வாங்கிய கறுப்புச் சாயத்தைப் பூசியதில் தலை பற்றி எரிந்தது. சாயம் போட்ட மூன்றாம் கிழமை வேரில் வெள்ளைக் கோடு ஓடிவிடும்.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. போன ஆவணியோடு அவளுக்கு மாதம் நின்றுவிட்டது.

நின்றால் நின்றதுதானே, நிம்மதி என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். விமலேஸ்வரிக்கு அப்படி இருக்கவில்லை. "அவாக்கென்ன, எல்லாம் முடிஞ்சுதே" என்று ஊரில் சில பெண்களைப் பற்றிக் கதைப்பதை அவள் கேட்டிருக்கிறாள், தானும் கதைத்திருக்கிறாள். கொண்டை ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டு போகிறது, மறுபக்கம் இதுவும் நின்றுவிட்டது என்றால், தவராசாவின் கண்ணில் தான் ஒரு முடிந்துபோன ஆளாகத் தெரிவேனோ என்று பயந்தாள். அந்தப் பயத்தில் அவள் செய்த வேலைதான் வேடிக்கை. மாதம் வருகிற நாட்கள் என்று தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அந்த மூன்று நாளும் சாமியறைக்குள் போகாமல் இருந்தாள். "நீங்கள் விளக்கை வையுங்கோ" என்று புருஷனிடம் சொன்னாள். நாலாம் நாள் விடியக் கிணற்றடியில் வாளி சத்தம் போட முழுகினாள். இப்படியே மாதாமாதம் நாடகம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஒரு மனுசி தன்னைப் புருஷன் இன்னும் பெண்ணாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அதற்கு அவள் பிடித்த வழிதான் கொஞ்சம் கோணல்.

சித்திரையில் ஒரு கலியாணம் வந்தது. இப்போது கலியாண வீடுகளில் ஆட்களின் தலைக்கு மேலே பறந்து படம் பிடிக்கிற கமரா வந்துவிட்டது அல்லவா? அந்தப் படத்தைக் கலியாணப் பொம்பிளை வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தார்கள். பந்தல், மாலை, மேளகாரர் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. பிறகு கமரா பெண்கள் இருந்த பக்கம் மேலால் போனது. கதிரை வரிசையில் ஒரு தலையின் நடுவே, புதிதாகப் போட்ட கிரவல் ரோட்டுப் போல ஓர் உச்சிப் பிரிப்பு அகலமாக ஓடியது. "உது ஆரின்ரை தலை?" என்று ஒரு பிள்ளை கேட்டது. விமலேஸ்வரிக்குச் சேலை நிறத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து குசினிக்குப் போனவள் அப்படியே பின்வாசலால் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வைகாசி பிறந்து முதற் சனிக்கிழமை அவள் பஸ் ஏறி நெளுக்குளத்தில் இறங்கினாள். அங்கே பெண்களுக்கு மட்டும் தலைமயிர் வெட்டுகிற ஓர் இடம் புதிதாக வந்திருந்தது. வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு கண்ணாடி, ஒரு கதிரை, தலை கழுவ ஒரு தொட்டி. அதை நடத்திய சுரேகா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் ஒரு சலூனில் பல வருஷம் வேலை செய்தவள். நெளுக்குளத்துச் சுதாகரனைக் கட்டி இங்கே வந்து ஒரு வருஷமும் ஆகவில்லை. வந்த புதிதில் "தலைக்கு குளிச்சிட்டு வாங்க" என்று இவள் சொல்ல, இங்கத்தைப் பெண்கள் "நாங்கள் தலைக்குக் குளிக்கிறேல்லை பிள்ளை, முழுகிறனாங்கள்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சுரேகா அந்தச் சொல்லைக் கவனமாகப் பாவிக்கப் பழகியிருந்தாள். ஊரோடு ஒட்டுவதற்குத் தனக்குக் கிடைத்த ஒரு சொல் என்று அவளுக்கு அதில் பெருமை வேறு.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் சுரேகா. விமலேஸ்வரி கொண்டையை அவிழ்த்தாள். வழமையாக அவிழ்த்ததும் பார்க்கிறவர்கள் "என்ரை அம்மாளாச்சி, எவ்வளவு நீட்டு!" என்பார்கள். சுரேகா நீளத்தைப் பார்க்கவேயில்லை. விரலால் உச்சியைப் பிரித்து வேரைப் பார்த்தாள்.

"அக்கா, எத்தன வருசமா இதே எடத்துல பிரிச்சு வாரிறீங்க?"

"பள்ளிக்கூடம் போன காலத்திலை இருந்து."

"ஈரத்தோட கொண்டை போடுவீங்களா?"

"போடாமல்? முழுகிப்போட்டு மயிரை விரிச்சுக்கொண்டு வயலுக்குப் போகலாமோ?"

"அதான் இழுத்து இழுத்து வேர் களைச்சிருச்சு. நீளம் பாரம் அக்கா. இந்த வயசுல வேர் அவ்வளவு பாரம் தாங்காது. எண்ணெயையும் ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, ஒரு மணித்தியாலம் போதும். இந்தக் கறுப்புச் சாயத்தை மட்டும் இனித் தொடவே தொடாதீங்க."

விமலேஸ்வரி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப கழுத்தோடை பொப் வெட்டோணுமோ? பொப் வெட்டினால் ஊர் சிரிக்கும் பிள்ளை."

"பொப் உங்க முகத்துக்கு வேணாம்" என்றாள் சுரேகா. தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி, முன்னால் குட்டையாகவும் பின்னால் போகப்போக நீளமாகவும் வெட்டினால் அடர்த்தியாகத் தெரியும், வயலுக்குப் போகும்போது சின்னதாகக் கட்டியும் கொள்ளலாம் என்று விளங்கப்படுத்தினாள். நேர் உச்சியை விட்டுக் கன்னப் பக்கமாகப் பிரிக்க வேண்டும். நிறம் கறுப்பு வேண்டாம், இருண்ட மண்ணிறம். வேரில் நரை வளர்ந்தாலும் அதோடு கலந்து கிடக்கும், கோடு போட்டுக் காட்டாது.

கத்தரிக்கோலின் முதல் சத்தத்துக்கு விமலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். பின்னலாகப் பின்னி வெட்டிய மயிரைச் சுரேகா அவள் மடியில் வைத்தாள். புற்றுநோய்க்காரருக்கு விக் செய்யக் கொடுக்கலாம் என்று சொன்னாள். அதைத் தடவிப் பார்த்தபோது அழுகை வரும் என்று விமலேஸ்வரி நினைத்தாள். வரவில்லை. கழுத்து பாரமிறங்கித் தன்னுடைய கழுத்தாக இருந்தது, அவ்வளவுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. எல்லாம் முடிந்து கண்ணாடியில் பார்த்தபோது, அங்கே இருந்தது ஒரு குமரிப்பிள்ளை இல்லை. நாற்பத்தேழு வயதுப் பெண்தான். ஆனால் பார்க்கக்கூடிய பெண்.

"ஒண்ணு மட்டும் அக்கா. மூணு நாளைக்கு முழுகக் கூடாது. முழுகினா நிறம் எறங்கிரும். வெயில்லயும் திரியாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள் சுரேகா. பஸ் வருகிற சத்தம் கேட்டு ஓடிய விமலேஸ்வரி போனைக் கதிரையில் விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பஸ் போன கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் அடித்தது. எடுத்தது சுரேகா. அடித்தது கமலாசனி. குடியேற்றத்தின் மாதர் சங்கத் தலைவி, விமலேஸ்வரிக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். ஒரு செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத, ஆனால் மனதில் கள்ளமில்லாத மனுசி.

"விமலா?"

"அக்கா இப்பதான் போனாங்கங்க. போனை இங்கயே விட்டுட்டாங்க."

"அப்பிடியோ? நீங்கள் ஆர் பிள்ளை?"

"நான் நெளுக்குளத்துல இருந்து பேசுறேன். அக்கா எங்கிட்ட காட்ட வந்தாங்க."

காட்ட வந்தாங்க என்றதைக் கமலாசனி வேறு விதமாக எடுத்தாள். ஒருவர் போய்க் காட்டுவது என்றால் அது டொக்டரிடம், இல்லாவிட்டால் தாதியிடம். "ஏன், அவாக்கு என்ன?" என்று கேட்டாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லங்க."

"சரி, சொல்லி விடுங்கோ. திங்கக்கிழமை வற்றாப்பளை அம்மாளாச்சி கோயிலுக்கு வான் போகுது. விடிய முழுகிப்போட்டு ஆயத்தமா நிக்கட்டாம்."

இந்த இடத்தில்தான் சுரேகா தன்னுடைய சொல்லை எடுத்துப் பாவித்தாள். "ஐயோ, அது சரிவராதுங்க. அக்கா இப்ப முழுகாம இருக்காங்க."

கமலாசனி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"முழுகாம இருக்காங்க. நான்தான் நல்லா கவனமா இருக்கச் சொல்லி அனுப்பினேன். வெயில்ல திரியக் கூடாதுன்னு."

மாதம் வந்து முழுகுகிறவள் முழுகாமல் விட்டால் என்ன அர்த்தம் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முழுகாமல் இருக்கிறா என்றால் வயிற்றில் பிள்ளை. சுரேகாவின் வீட்டில் அதை மாசமாக இருக்கிறாள் என்பார்கள். அவள் கற்றுக்கொண்ட சொல்லுக்கு இப்படி ஒரு வால் இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. போனை வைத்ததும் நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தியோடு கடையைக் கூட்டினாள். கமலாசனி சைக்கிளை எடுத்தாள். சந்தியில் தவராசா யூரியா மூட்டையோடு நின்றான்.

அன்றைக்குப் பின்னேரம் விமலேஸ்வரி வாளியோடு வாசலில் நின்றாள். மயிரை ஒருதரம் சரிசெய்தாள், இன்னொருதரம் சரிசெய்தாள். தவராசா உள்ளே வந்து அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையில் இருந்த வாளியை வாங்கி, "நீ இரு, நான் அள்ளுறன்" என்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தண்ணீர் அள்ளிக் கொடுக்காத மனிதன்! இரவு சோறு போடும்போது, "நீ முதல் சாப்பிடு" என்றான். காலையில் அவள் எழும்ப முதல் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தான். முகம் மட்டும் என்னவோ யோசனையாகவே இருந்தது. விமலேஸ்வரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பேச வராத மனிதன், பாவம், மயங்கிப் போய் நிற்கிறான் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, கனிவான சிரிப்பு. ஒருத்தி கையைப் பிடித்து, "முகத்திலை ஒரு களை வந்திருக்கு" என்றாள். கடைக்காரர் எழுந்து தன்னுடைய கதிரையைக் கொடுத்தார். நெளுக்குளத்தால் வந்த பஸ் நடத்துநர் சுரேகா கொடுத்துவிட்ட போனைத் தானே இறங்கி வந்து கையில் தந்தார். ஒரு தலைமயிர் வெட்டுக்கு இவ்வளவு மகிமை இருக்கிறதென்று தெரிந்திருந்தால் பத்து வருஷத்துக்கு முதலே வெட்டியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக அந்த ரோட்டால் நடந்ததில்லை.

மத்தியானம் கமலாசனி வந்தாள். மடியில் நாலு புளிமாங்காய்.

"மறைச்சுப்போட்டாய் என்ன?" என்று செல்லமாகக் கோபித்தாள்.

"எங்கையக்கா மறைக்கிறது? எல்லாருக்கும் தெரியத்தானே கிடக்கு" என்று விமலேஸ்வரி மயிரைத் தொட்டுச் சிரித்தாள்.

"கனநாளா யோசிச்சனியே?"

"கனகாலமா ஆசைதான். ஊர் என்ன சொல்லுமோ எண்டு பயத்திலை விட்டனான்."

"ஊர் கிடக்கட்டும். அவர் என்ன சொல்லுறார்?"

"வாயாலை ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் தண்ணி அள்ளித் தாறார், தேத்தண்ணி போட்டுத் தாறார்."

கமலாசனியின் கண் கலங்கியது. "அம்மாளாச்சி உனக்கு இந்த வயசிலை குடுத்திருக்கிறா. கவனமா இரு. பாரம் தூக்காதை."

"அது மூண்டு நாளைக்குத்தானேயக்கா. செவ்வாய்க்கிழமை முழுகிவிடுவன்."

கமலாசனி மாங்காயைக் கீழே வைத்தாள். "உனக்கென்ன விசரே? செவ்வாய்க்கிழமை என்னெண்டு முழுகிறது? முழுகாமல் இருக்கிறவள் பத்து மாசம் இருக்கத்தானே வேணும்!"

விமலேஸ்வரிக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. விளங்கியதும் கடைக்காரரின் கதிரை, பெண்களின் சிரிப்பு, தண்ணீர் வாளி, தேத்தண்ணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளை விட்டுக் கழன்றன. ஒன்றும் தலைமயிருக்கு இல்லை. எல்லாம் இல்லாத பிள்ளைக்கு. "தலையிடிக்குது அக்கா, பேந்து கதைப்பம்" என்று சொல்லிக் கமலாசனியை அனுப்பிவிட்டு, சுரேகாவுக்குப் போன் அடித்தாள். அடிக்கும்போது நல்ல கோபத்தில்தான் அடித்தாள்.

"நீர் கமலாசனியக்காவுக்கு என்ன சொன்னனீர்?"

சுரேகா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "ஏனக்கா? நீங்கதானே முழுகுறதுன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். அர்த்தத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் "ஐயையோ" என்ற ஒரு குரல். பிறகு அழுகை. "ஊர்க்காரங்க மாதிரி பேசணும்னு ஆசப்பட்டேன் அக்கா. இனி உங்க ஊர்ல ஒருத்தரும் என் கடைக்கு வரமாட்டாங்க." கோபப்பட எடுத்தவள் கடைசியில் அவளைத் தேற்ற வேண்டியதாகப் போயிற்று. "அழாதை பிள்ளை. தலையை நீர் வடிவாத்தான் வெட்டினனீர்" என்று சொல்லி விமலேஸ்வரி போனை வைத்தாள். வெட்டியது வடிவுதான். அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

பொழுது சாயத் தவராசா வயலால் வந்தான். கிணற்றடியில் கால் கழுவினான். அவள் அங்கேயே போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கமலாசனியக்கா உங்களிட்டை ஒரு கதை சொன்னவாவோ?"

அவன் நிமிரவில்லை. "நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நான் முழுகாமல் இல்லை. தலைக்குச் சாயம் போட்ட பிள்ளை மூண்டு நாளைக்கு முழுக வேண்டாம் எண்டு சொன்னது. அதுதான் இப்பிடித் திரும்பிப் போச்சு."

தவராசா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, "எனக்கும் கணக்குப் பிடிபடேல்லைத்தான்" என்றான். "போன மாசம் மூண்டு நாளும் விளக்கு வைச்சது நானெல்லே. அதுக்கு முந்தின மாசமும் நான்தான். அப்ப இது என்னெண்டு எண்டு இண்டைக்கு முழுக்க வரம்பிலை நிண்டு யோசிச்சனான்."

அவளுக்கு முன்னால் ஒரு வழி திறந்து கிடந்தது. "ஓம், நீங்கள்தானே வைச்சனீங்கள், பிறகு எப்பிடி நான் முழுகாமல் இருப்பன்?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். ஊர்க்கதை ஒரு கிழமையில் அடங்கிவிடும். நாடகம் பத்திரமாக இருக்கும். அடுத்த மாதமும் அவன் விளக்கு வைப்பான், அவள் வாளிச் சத்தத்தோடு முழுகுவாள். அதை நினைக்கவே விமலேஸ்வரிக்குக் களைப்பாக இருந்தது.

"விளக்கும் பொய்" என்றாள்.

"என்ன?"

"எனக்கு நிண்டிட்டுது. போன ஆவணியோடை. பேந்து மாசாமாசம் நான் செய்ததெல்லாம் சும்மா."

"ஏனப்பா?"

"உங்களுக்கு நான் கிழவியாத் தெரிஞ்சிடுவன் எண்டு பயத்திலை" என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அல்லது உனக்கு வேறு வேலையில்லையோ என்று ஏசுவான். இரண்டுக்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

தவராசா உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டான். "ராத்திரி நான் ஒரு கண் நித்திரை கொள்ளேல்லை" என்றான். "கிருசாந்தனைப் பெறேக்கை நீ பட்ட பாடு. ரத்தம் நிக்கேல்லை எண்டு சொல்லி என்னை வெளியாலை விட்டுக் கதவைச் சாத்திச்சினம். அந்தக் கதவடியிலை நிண்ட மாதிரித்தான் ராத்திரி முழுக்கக் கிடந்தனான். இந்த வயசிலை இன்னொருக்கா எண்டால் நீ எனக்கு மிஞ்சமாட்டாய் எண்டு. பிள்ளையை நான் ஒருக்காலும் நினைக்கேல்லை, விமலா. உன்னைத்தான் நினைச்சனான்." இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் வைத்து, "நிண்டதோ? நல்லது. அம்மாளாச்சி, நல்லா நிண்டுது" என்று கும்பிட்டான்.

ஒன்பது மாதமாக எந்தச் செய்தியை ஒளித்தாளோ, அந்தச் செய்தியைக் கேட்டு ஒரு மனிதன் சாமி கும்பிடுகிறான். விமலேஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அழுதாள். பின்னலை வெட்டியபோது வராத அழுகை இப்போதுதான் வந்தது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் செம்பில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தான்.

"அப்ப தலைமயிர் ஏன் வெட்டினனி?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "நான் பிள்ளைத்தாச்சிக்குப் பாரம் எண்டு வெட்டிப்போட்டாயாக்கும் எண்டு நினைச்சன்."

"கொட்டுது. முன்னுக்கு வெளிச்சுப்போச்சு. பாருங்கோவன்" என்று அவளே தலையைக் குனிந்து காட்டினாள். சுரேகாவைத் தவிர இதுவரை யாருக்கும் அவளாகக் காட்டாத இடம்.

அவன் பயிர் பார்க்கிறவன் போலக் கிட்டப் போய், நேரமெடுத்துப் பார்த்தான். "ஓம், வெளிச்சுத்தான் போச்சு" என்றான். பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது. பிறகு, "ஆனா இப்ப வெட்டினது வடிவாயிருக்கு. முகம் தெரியுது" என்றான்.

இரண்டு நாளாக அவள் காத்திருந்த சொல், அது தனக்கே என்று நிச்சயமாகத் தெரிந்து, அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குக் கோயில் வானிலை நான் போறன். தலைக்கு வாக்காமல் மேலுக்கு மட்டும் தண்ணி வாத்துக்கொண்டு போனால் அம்மாளாச்சி கோவிக்கமாட்டா."

"போகேக்கை உவையளுக்கு என்னெண்டு சொல்லப்போறாய்?"

"உள்ளதைச் சொல்லப்போறன். ஒவ்வொருத்தருக்காச் சொல்ல ஏலாது. வான் வெளிக்கிட்டவுடனை எழும்பி நிண்டு எல்லாருக்கும் சேத்துச் சொல்லிப்போடுறன். தலை வெட்டின பிள்ளையின்ரை கடை எங்கையிருக்கு எண்டும் சொல்லுவன். அதுகளுக்கும் தலைமயிர் கொட்டாமலோ இருக்கு?"

"மற்றது?"

விமலேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "நிண்டிட்டுது, நான் இருக்கிறன் எண்டு சொல்லுவன்" என்றாள். அதை இன்னொருதரம் சொல்லிப் பார்த்தாள். இந்த முறை லேசாக வந்தது.